எதிரொலி அறைகளில் காணாமல் போகும் கூலி

2023இன் தொடக்கத்தில் திருப்பூரை வைத்து இரண்டு கதையாடல்கள் உலவின. ஜனவரியில் தமிழில் ஒன்று: வடநாட்டான் தமிழனை விரட்டி விரட்டி அடிக்கிறான். ஆதாரம், ஒரு வீடியோ. தேநீர்க் கடையில் தொடங்கிய தகராறு அது என்றது போலீஸ். மார்ச்சில் இந்தியில் இன்னொன்று: தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள். இதற்கும் ஆதாரம் வீடியோதான். திருப்பூர்க் காட்சி பீகார்த் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், கோவைக் காட்சி உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று காவல்துறைத் தலைவர் மறுத்தார். ஹோலிக்கு ஊர் போக ரயிலடியில் நின்ற கூட்டமும் 'தப்பியோடும் கூட்டம்' ஆனது. பீகார் சட்டமன்றத்தில் அமளி. அங்கிருந்து ஒரு குழுவே விசாரிக்க வந்தது.

எதிரெதிர்க் கதைகள் மாதிரி தெரியும். ஆனால் கட்டமைப்பு ஒன்றுதான். 'நம்மாளை அவன் அடிக்கிறான்.' நம்மாள் யார், அவன் யார் என்பது மட்டும் இடம் மாறுகிறது. இரண்டிலுமே வராத ஆள் ஒருத்தர் உண்டு: ஆள்பிடித்துக் கொண்டுவரும் காண்ட்ராக்டர். பீஸ் ரேட், பி.எஃப்., பத்துப் பேர் படுக்கிற அறைக்கு வாடகை, இதெல்லாம் எந்த வீடியோவிலும் இல்லை. எதிரொலி அறையைப் பொய்யின் கூடாரம் என்று மட்டும் புரிந்துகொண்டால் போதாது. எதைப் பேசவிடாமல் செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

வதந்தி புதுசா என்ன? 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார். ஃபேஸ்புக்கும் இல்லை, வாட்ஸப்பும் இல்லை. ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவியது. ஆனால் அது தெருவில் நடந்தது. சொம்போடு வரிசையில் நின்றவர் காதில் விழுகிற தூரத்திலேயே, 'பரப்பு இழுவிசைப்பா அது' என்று ஒருத்தர் சொல்லமுடிந்தது. நம்பியவரும் மறுத்தவரும் ஒரே டீக்கடையில் சண்டை போட்டார்கள். இன்றைக்குப் போனது அந்தப் பொதுத் திண்ணை.

யூடியூபும் ஃபேஸ்புக்கும் நம்மை எது பிடித்து நிறுத்தியதோ அதே சரக்கை மேலும் மேலும் தள்ளுகின்றன. விளம்பரம் விற்க நாம் அங்கேயே உட்கார்ந்திருக்கவேண்டும். வாட்ஸப் குழுவுக்கு இந்த அல்காரிதம்கூடத் தேவையில்லை. சாதி போதும். பங்காளி குரூப், ஊர் குரூப், சங்க குரூப் என்று நாமே சுவர் எழுப்பிக்கொள்கிறோம். மாமா அனுப்பினால் அது செய்தி இல்லை, உறவு. சந்தேகப்பட்டால் மாமாவைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடுகிறது.

2018இல் பரவிய பிள்ளை பிடிப்பவர் வீடியோ ஒன்று, கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பி விடுகிற கடைசிக் காட்சியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். அந்த வருஷம் மே மாதம் இதே பீதியில் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். ஜூனில் திரிபுராவில், 'வதந்தியை நம்பாதீர்கள்' என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க அரசு அனுப்பிய ஆளையே கொன்றார்கள். அறைக்கு வெளியே இருந்து வருகிற மறுப்பு, உள்ளே இருப்பவனுக்கு எதிரியின் குரலாகவே கேட்கிறது. ஜூலையில் வாட்ஸப் இந்தியாவில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் ஒரே சமயத்தில் ஃபார்வர்ட் செய்யமுடியாதபடி வரம்பு வைத்தது. வேகம் குறையலாம். சுவர் அப்படியே நிற்கிறது.

ஆகவே ஊடகக் கல்வி. கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018இல் அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியை இனம்காணச் சொல்லிக்கொடுத்தது. நல்ல காரியம். இங்கேயும் வேண்டும். ஆனால் 'உண்மையா பொய்யா' என்கிற பரிசோதனையோடு அது நின்றுவிட்டால் கம்பெனிக்குத்தான் நிம்மதி. குற்றம் ஏமாந்தவன் தலையில், லாபம் அவன் கணக்கில். இந்தக் காட்சி எங்கே தொடங்கியது, எங்கே வெட்டினார்கள், யாரைப் பேசவிடவில்லை, என் கோபத்தில் யாருக்குக் காசு என்றும் கேட்கப் பழகவேண்டும்.

இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்னூறு பேர் படித்து முன்னூறு பேரும் தலையாட்டும் பத்திரிகையும் ஒரு அறைதான். நம் குரூப்பில் வரும் 'நல்ல' பொய்யை நாம் எத்தனை தடவை மறுத்திருக்கிறோம்? திருப்பூரில் எந்தச் சங்கக் கூட்டத்தில் இந்தி பேசுகிற தொழிலாளி மைக் பிடித்தான்? அவன் கூலியும் நம்மவன் கூலியும் ஒரே துண்டறிக்கையில், இரண்டு மொழியிலும் அச்சாகட்டும். அடுத்த வீடியோ வரும்போது, 'அந்த ஆளை எனக்குத் தெரியும்பா, கூட வேலை செய்றான்' என்று சொல்ல இரண்டு பக்கமும் ஒருத்தராவது இருப்பார்.