சேமிக்கலாமா என்னும் கேள்வி: பிட்வார்டன் நீட்சியின் அறிவிப்பு அமைப்புகள்

இணையதளங்களுக்கான பயனர்பெயர்களையும் கடவுச்சொற்களையும் மறையாக்கம் செய்த ஒரு பெட்டகத்தில் வைத்துக் காத்து, உரிய தளம் திறக்கும்போது அவற்றை நிரப்பித் தரும் மென்பொருள் கடவுச்சொல் மேலாளர் எனப்படுகிறது. இத்தகைய மென்பொருள்களை மதிப்பிடுவோர் மறையாக்கத்தின் வலிமையையும் கட்டணத்தையும் ஒப்பிடுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். ஆனால் பயனர் நாள்தோறும் எதிர்கொள்வது, ஒரு தளத்தில் நுழைந்தவுடன் திரையின் ஓரத்தில் எழும் ‘இதைச் சேமிக்கலாமா?’ என்னும் கேள்வியைத்தான். அது வேண்டாத இடங்களில் திரும்பத் திரும்ப எழுமானால், பயனர் அதைப் படிக்காமலே மூடப் பழகிவிடுகிறார்; கடவுச்சொல்லை உண்மையாகவே மாற்றிய நாளில் எழும் கேள்வியும் அதே வேகத்தில் மூடப்பட்டு, பெட்டகத்தில் பழைய சொல்லே தங்கிவிடுகிறது. ஆகவே கேள்வி எழும் தருணத்தைக் கட்டுப்படுத்தும் வசதியையும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே கொண்டு, 2016இல் வெளிவந்த திறந்த மூல மென்பொருளான பிட்வார்டனின் நீட்சி, அதாவது உலாவியோடு இணைந்து இயங்கும் துணைநிரல், இங்கே ஆராயப்படுகிறது.

முதலில் கேள்வி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். எழுத்துகளைப் புள்ளிகளாக மறைத்துக் காட்டும் உள்ளீட்டுப் பெட்டிக்கு ஹெச்.டி.எம்.எல். மொழியில் ‘பாஸ்வேர்டு’ என்னும் வகை குறிக்கப்படுகிறது. நீட்சி அப்பெட்டியைத் தேடிக் கண்டு, அதற்கு முன்னுள்ள பெட்டியைப் பயனர்பெயர் என்று ஊகித்து, படிவம் அனுப்பப்பட்டதும் தான் கண்டதைப் பெட்டகத்தோடு ஒப்பிடுகிறது. இது ஊகமே என்பதால் பிழைக்கு இடமுண்டு. வங்கிகளும் கட்டண வாயில்களும் ஒருமுறைக் கடவுஎண்ணையோ அட்டையின் பின்புறமுள்ள மூன்றிலக்க எண்ணையோ அதே வகைப் பெட்டியில் கேட்கும்போது, சில நிமிடங்களில் காலாவதியாகும் எண்ணை நிலையான கடவுச்சொல் என்று கருதி, ‘மாறியுள்ளது, புதுப்பிக்கலாமா?’ என்று மேலாளர் கேட்டுவிடக்கூடும். பெட்டியின் பயன் இன்னதென்று அறிவிக்க ‘கரண்ட்-பாஸ்வேர்டு’, ‘நியூ-பாஸ்வேர்டு’, ‘ஒன்-டைம்-கோடு’ ஆகிய குறிப்புகள் வலைத்தரத்திலேயே உள்ளன. தளங்களை வடிவமைப்போர் அவற்றை ஒழுங்காக இட்டால் இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி தீரும்.

‘நினைவில் வைக்காதே’ என்று தளமே உலாவிக்குச் சொல்லும் வழியும் ஒரு காலத்தில் இருந்தது. ஆட்டோகம்ப்ளீட் என்னும் பண்பை நிறுத்திவைத்தால் உலாவி கேட்காமல் இருந்தது. ஆனால் அந்த உரிமை மக்களை எளிய கடவுச்சொற்களை நோக்கித் தள்ளியதால், 2014இல் குரோம் 34ஆம் பதிப்பும் 2015இல் பயர்ஃபாக்ஸ் 38ஆம் பதிப்பும் நுழைவுப் படிவங்களில் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிட்டன. அம்மாற்றம் சரியானதே. எனினும் தளத்திடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம் பயனரின் கையில் முழுமையாகச் சேர்ந்ததா என்பதே இந்த விமர்சனத்தின் மையம்.

பிட்வார்டன் இதில் பாதித் தூரத்தை நன்றாகவே கடந்திருக்கிறது. நீட்சியின் அமைப்புகளில் அறிவிப்புகள் என்னும் பகுதியைத் திறந்தால், புதிய நுழைவைச் சேர்க்கக் கேட்பதற்கு ஒன்றும், ஏற்கெனவே உள்ள நுழைவைப் புதுப்பிக்கக் கேட்பதற்கு ஒன்றுமாகத் தனித்தனித் தேர்வுகள் காணப்படுகின்றன. சிறிதாகத் தோன்றும் இப்பிரிவினை மிகவும் மதிக்கத்தக்கது. ஏனெனில் புதிய நுழைவுக்கான கேள்வி தவறிப்போனாலும் பயனர் அதைப் பின்னர் கையால் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் புதுப்பிக்கும் கேள்வி தவறினால், எவராலும் மனத்தில் வைக்க முடியாத நீண்ட கடவுச்சொல் அந்த நொடியோடு தொலைந்துபோகக்கூடும். எனவே தொல்லையாக உணர்பவர் முதலாவதை நிறுத்திவிட்டு இரண்டாவதை இயங்கவிடுவதே தக்கது. ஒருமுறைக் கடவுஎண் தவறுதலாகப் பதிவாகிவிட்டாலும், ஒவ்வொரு பதிவுக்கும் கடைசி ஐந்து பழைய கடவுச்சொற்களை பிட்வார்டன் வைத்திருப்பதால், இழந்ததை மீட்க வழியுண்டு.

குறை தென்படுவது விலக்குப் பட்டியலில். குறிப்பிட்ட தளப்பெயர்களை அதில் எழுதிவைத்தால் அத்தளங்களில் கேள்வி எழுவதில்லை. பட்டியலைத் திருத்தியபின் பக்கத்தைப் புதுப்பித்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்பட்டியல் தளம் முழுவதையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஒரு வங்கித் தளத்தின் நுழைவுப் பக்கத்தில் கேட்கட்டும், பணம் செலுத்தும் பக்கத்தில் மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்ல இயலாது. மேலும், விலக்கப்பட்ட தளத்தில் சேர்க்கும் கேள்வியோடு புதுப்பிக்கும் கேள்வியும் சேர்ந்தே மறைந்துவிடுவதால், மேலே பாராட்டப்பட்ட பிரிவினை மிகத் தேவைப்படும் இடத்திலேயே பயனற்றுப் போகிறது. இவ்வகையில் கீபாஸ்எக்ஸ்சி என்னும் மற்றொரு கடவுச்சொல் மேலாளரின் நீட்சி தெளிவாக முந்தி நிற்கிறது. அதன் தள விருப்பங்கள் பகுதியில், எல்லா வசதிகளையும் நிறுத்துவதா, புதியனவும் மாறியனவும் பற்றிய கேள்விகளை மட்டும் நிறுத்தி நிரப்பும் வசதியை விட்டுவைப்பதா என்று தேர்ந்தெடுக்கலாம் என்பதோடு, முகவரியில் உடுக்குறி இட்டுத் தளத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் விதி வகுக்கவும் முடிகிறது. பெட்டகத்தைத் தன் கணினியிலேயே கோப்பாக வைத்துப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு கீபாஸ்எக்ஸ்சியில் பயனரைச் சேர்ந்தது என்பதால் அது எல்லோருக்கும் ஏற்றதன்று. ஆயினும் இந்த ஒரு பகுதியை பிட்வார்டன் அப்படியே பின்பற்றலாம்.

உலாவியும் தனக்கென ஒரு மேலாளரைக் கொண்டிருப்பதால், நீட்சியை நிறுவியவரிடம் ஒரே கடவுச்சொல்லுக்கு இருவர் கேட்கும் நிலை ஏற்படுகிறது. இரண்டிலும் மாற்றிமாற்றிச் சேமிப்பவரிடம் எது அண்மையது என்றறிய முடியாத இரு பட்டியல்கள் சேர்ந்துவிடும். குரோம், எட்ஜ் ஆகியவற்றில் பிட்வார்டனை இயல்பு மேலாளராக்கும் தேர்வு உலாவியின் கேள்வியைத் தானே நிறுத்திவிடுகிறது. பயர்ஃபாக்ஸில் தனியுரிமை அமைப்புகளுக்குச் சென்று, கடவுச்சொற்களைச் சேமிக்கக் கேட்கும் தேர்வைக் கையால் நீக்குவதே நேரான வழி.

பலரின் கணக்குகள் ஒரே உலாவியில் திறக்கப்படும் இ-சேவை மையம், பிரவுசிங் சென்டர், கல்லூரிக் கணினிக்கூடம் போன்ற இடங்களுக்கு விலக்குப் பட்டியல் போதாது. அங்கே கேள்வியே எழக்கூடாது. ஒருவர் அவசரத்தில் ‘சேமி’ என்பதை அழுத்தினால், அடுத்து அமர்பவரின் முன் முந்தையவரின் கணக்கு விரிந்துவிடும். பயர்ஃபாக்ஸ் நிறுவப்பட்ட கோப்புறைக்குள் ‘டிஸ்ட்ரிபியூஷன்’ என்னும் உட்கோப்புறையை அமைத்து, அதில் வைக்கப்படும் ‘பாலிசீஸ்’ கோப்பில் ‘ஆஃபர்-டு-சேவ்-லாகின்ஸ்’ என்னும் கொள்கையைப் பொய் மதிப்புக்கு மாற்றினால், உலாவி கேட்பதை நிறுத்துவதோடு அந்த அமைப்பையும் பூட்டிவிடுகிறது. குரோமில் ‘பாஸ்வேர்டு-மேனேஜர்-எனேபிள்டு’ என்னும் நிர்வாகக் கொள்கை இதே பணியைச் செய்கிறது. ஏற்கெனவே சேமிக்கப்பட்டவற்றை இக்கொள்கைகள் அழிப்பதில்லை என்பதால், கொள்கைகளை நடைமுறைப்படுத்தும் அன்றே பழைய பட்டியலையும் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு பதிவையும் நீக்கிவிட வேண்டும்.