காதற் கடவுளின் சீட்டு

தமிழ்ப் படக்காட்சிகளில் காதல் பெரும்பாலும் மணப்பந்தலோடு முடிந்துவிடும். தாலி ஏறியதும் திரை விழும். பின்னர் அவ்விருவரும் எவ்வாறு வாழ்ந்தனர் என்று கேட்பாரில்லை. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் வெளிவந்த "ஓ மை கடவுளே" என்னும் படமோ, பந்தலைத் தாண்டிக் குடும்ப நீதிமன்றத்து வாயிலில் வந்து நிற்கின்றது. இவ்வொன்றின் பொருட்டே அதனை ஆராய்தல் தகும் என்பது நம் துணிபு. அஸ்வத் மாரிமுத்து இயக்கிய முதற்படம் இது. அவரே 2022-இல் இதனைத் தெலுங்கில் "ஓரி தேவுடா" என எடுத்தார். அதே ஆண்டு கன்னடத்தில் "லக்கி மேன்" என்ற பெயரிலும் வந்தது. மூன்று மொழியினரிடை உலவிய கதையில் எல்லார்க்கும் பொதுவான நோவு ஒன்று இருத்தல் வேண்டும் அன்றோ?

கதை இது. அர்ஜுனும் அனுவும் இளமை முதல் நண்பர்கள். தந்தை தனக்கு மாப்பிள்ளை தேடும் வேளையில், நீயே என்னை மணந்துகொள்வாயா என்று அனுவே அவனைக் கேட்கிறாள். அவனும் ஆழ்ந்து எண்ணாமல் இசைகிறான். தோழியை மனைவியாகக் காண அவன் மனம் ஒப்பவில்லை. பூசல் மிகுந்து, இருவரும் மணமுறிவு வேண்டி வழக்காடுகின்றனர். அப்போது காதற் கடவுள் தோன்றி அவன் கையில் ஒரு சீட்டைத் தருகிறார். அதைக்கொண்டு அவன் பழைய நாளுக்குத் திரும்பி, "இசைகிறேன்" என்ற மறுமொழியை மாற்றுகிறான். முன்னரே மனத்தைக் கவர்ந்த மீராவை நாடுகிறான். அனு வேறொருவனுக்கு மனைவியாகப் போகும் நிலை வந்த பிறகே, இழந்தது இன்னதென உணர்ந்து, முடிவில் அவளிடமே திரும்புகிறான். அர்ஜுனாக அசோக் செல்வனும், அனுவாக ரித்திகா சிங்கும், மீராவாக வாணி போஜனும், கடவுளாக விஜய் சேதுபதியும் நடித்துள்ளனர்.

முதற்கண் படத்தின் நன்மைகளைக் கூறுவோம். மணம் கெட்டதற்கு ஒரு கொடியவனையோ மாமியாரையோ இது காரணமாகக் காட்டவில்லை. நல்லவர் இருவர் ஒரே வீட்டில் வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் கூடும் என்ற உண்மையை எளிதாக உணர்த்துகின்றது. பெண் வாய்திறந்து மணம் கேட்பதை நாணமின்மை என்று பழிக்கவில்லை. பெண்ணின் தந்தை பெயர் பால்ராஜ்; மருமகன் அர்ஜுன் மாரிமுத்து. இப்பெயர்களைக் கண்டதும் சமயச் சண்டையை எதிர்பார்ப்போர் ஏமாந்து போவர். நன்று!

எம். எஸ். பாஸ்கர் நடித்துள்ள அப்பால்ராஜ், கழிப்பறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலை நடத்துபவர். மாமனாரிடம் வேலைக்கு அமர்ந்த மருமகன், அத்தொழிலை எண்ணிக் கூசுகிறான். கொட்டகையும் அவனோடு சேர்ந்து சிரிக்கின்றது. பின்னர் அம்முதியவர், தாம் ஏன் இத்தொழிலை மேற்கொண்டார் என்பதைத் தம் வாயால் கூறும்போது சிரித்தவர் வாய் மூடுகிறது. படத்தின் சிறந்த காட்சி இதுவே. கழிவறையைப் பற்றிப் பேசுவதே இழிவெனக் கருதும் சமூகம், அதைத் துப்புரவு செய்வோரையும் இழிவாகவே நடத்தி வந்துள்ளது. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க இந்தியாவில் 1993-இலும் 2013-இலும் இருமுறை சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதை நினைப்போர்க்கு இக்காட்சியின் அருமை விளங்கும்.

இனிக் குறைகளுக்கு வருவோம். கடவுள் தரும் சீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: அதைப் பற்றி எவரிடமும் சொல்லலாகாது. இவ்வீடு கெட்டதே மனம் விட்டுப் பேசாமையால் அன்றோ? பேசாமையால் வந்த நோய்க்குப் பேசாமையையே மருந்தாகக் கொடுக்கும் மருத்துவரை யாது கூறுவது? அனுவின் மனத்தை அறிய வேண்டுமானால் அவளையே கேட்டிருக்கலாம். அதற்கு விண்ணுலகச் சீட்டு வேண்டியதில்லை. மாலையில் வேலை முடிந்து இருவரும் அரை நாழிகை உட்கார்ந்து பேசினாற் போதும்.

மேலும், சீட்டு ஆணுக்கு மட்டுமே கிடைக்கின்றது. அவன் இரண்டு வாழ்வு வாழ்ந்து பாடம் கற்கிறான். அவளுக்கோ ஒரே வாழ்வு. மீராவும் அவன் படித்து முடித்துப் புரட்டும் ஏடாகவே நிற்கிறாள். அனுவின் கையில் அச்சீட்டு இருந்திருந்தால் அவள் எந்நாளுக்குத் திரும்பியிருப்பாள், அவனைத்தான் மீண்டும் கேட்டிருப்பாளா? இக்கேள்வியைப் படம் எழுப்பவே இல்லை.

மறுவாய்ப்பு நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. மாதவியைப் பிரிந்து மனை திரும்பிய கோவலனைக் கண்ணகி ஏற்கிறாள், சிலம்பைத் தருகிறாள், மதுரைக்கு உடன் நடக்கிறாள். ஆயினும், அவன் ஒழுகிய ஒழுக்கம் தகாதது என்று ஆயர் சேரியில் அவன் முகத்தெதிரே சொல்லியும் விடுகிறாள். இளங்கோவடிகள் தந்த அவ்வுரிமையை இன்றைய படக்காட்சி தன் நாயகிக்கு அளிக்கத் தயங்குவது ஏன்?

கணக்கேட்டில் பிழைபட்ட வரியைச் சுரண்டி அழித்தல் குற்றம். கோடிட்டு அடித்து, சரியான தொகையைப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுதலே முறை. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாம் இதை நாள்தோறும் கடைப்பிடிக்கிறோம். இல்வாழ்க்கையும் அத்தகைய ஏடே. கடவுளின் சீட்டு பழைய வரியைச் சுரண்டப் பார்க்கின்றது. அழித்தெழுதிய வாழ்வு அவனுக்கு நிறைவளிக்காமல், பிழை நிகழ்ந்த பழைய ஏட்டுக்கே அவனைத் திருப்பியனுப்புவதால், படமும் இவ்வுண்மையை ஒருவாறு ஒப்புக்கொள்கின்றது எனலாம்.

ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். "பார்த்தாயா, மணமுறிவு கேட்டவர்களே சேர்ந்துவிட்டார்கள், நீயும் பொறுத்துக்கொள்" என்று இப்படத்தைக் காட்டி அடிபடும் பெண்ணுக்கு அறிவுரை கூறும் பெரியவர்கள் நம் லயங்களிலும் பட்டணத்து வீடுகளிலும் இல்லாமற் போகவில்லை. அர்ஜுன் அடித்தவன் அல்லன். குடித்துச் சம்பளத்தை அழித்தவனும் அல்லன். அவன் கதை அவர்கட்குச் சான்றாகாது. மலேசியாவில் 1982-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருமண, மணமுறிவுச் சட்டம், முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருதார மணத்தையும் பதிவையும் கட்டாயமாக்கிற்று. பொதுவாக இரண்டாண்டு நிறையுமுன் மணமுறிவு கோர இயலாதெனவும் விதித்தது. இந்தியாவில் 1976-இல் இந்து திருமணச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட பிரிவு, இருவரும் இசைந்து கேட்கும் முறிவுக்கு ஆறு மாதத் தவணை வைத்தது. சேர்ந்து வாழ வழியே இல்லாதவிடத்து நீதிமன்றம் அத்தவணையைத் தள்ளலாம் என 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆற அமர எண்ணக் காலம் கொடுத்தலும், எண்ணி முடித்தவரைக் கட்டிப் போடாதிருத்தலும் ஆகிய இரண்டுமே அறம். மறுவாய்ப்பு ஒன்று உண்டெனில், அதை ஏற்பதும் மறுப்பதும் இருவருடைய உரிமை ஆகுக.

இக்குறைகளோடும் இப்படம் காணத்தக்கதே. திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் பார்த்த காலம் போய், ஆளுக்கொரு கைப்பேசியில் தனித்தனியே பார்க்கும் காலம் இது. இதனையேனும் கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து பார்க்கட்டும். பார்த்து முடித்தபின், அர்ஜுன் அனுவிடம் கேளாது விட்ட கேள்விகளை ஒருவரையொருவர் கேட்கட்டும்.