1929-இல் காய்ச்சிய ஜாம்

கிளாஸ்கோவில் ஒரு ஜாம் பாட்டிலைப் பார்த்துவிட்டு வந்தேன். 1929-இல் காய்ச்சிய பிளம் ஜாம். இரண்டு வாரமாக வீட்டில் எனக்கு வேறு பேச்சே இல்லை. மனைவி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

சனி, ஞாயிறு இரண்டே நாள் ஸ்காட்லாந்துப் பயணம். பழைய வீடுகளைப் பார்ப்பது மட்டுமே வேலை. சனிக்கிழமை எடின்பரோ. சார்லட் சதுக்கத்து ஜார்ஜியன் ஹவுஸ், ராபர்ட் ஆடம் 1791-இல் வரைந்த வீட்டு வரிசையில் இருக்கிறது. அழகுதான், ஆனால் பெரிய மனிதர் வீட்டுக்குப் போனால் சோபா நுனியில் உட்காருவோமே, அப்படி ஒரு கூச்சம். கிளாட்ஸ்டோன்ஸ் லேண்டில் அந்தக் கூச்சம் இல்லை. 1617-இல் ஒரு வணிகர் வாங்கிப் பெரிதாக்கிய ஆறு மாடிக் கட்டடம், பல குடித்தனங்கள். நிமிர்ந்தால் மர உத்தரமெங்கும் பூவும் பழமுமாகத் தீட்டிய வண்ணம். 400 வருஷத்துக்கு முந்தைய அடுக்குமாடி வீடு! கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

ஆனால் என்னைக் கவிழ்த்தது ஞாயிற்றுக்கிழமைதான். கிளாஸ்கோ, பக்லூ தெரு, 145. டெனமென்ட் ஹவுஸ் என்கிறார்கள். 1892-இல் கட்டிய குடியிருப்பின் முதல் மாடியில் ஒரு சின்ன வீடு. ஆக்னஸ் டோவர்ட் என்ற டைப்பிஸ்ட் அம்மையார் 1911-இல் தன் தாயோடு இங்கே குடிவந்தார். தாய்க்குத் தையல் வேலை. தாய் போன பிறகும் தனியாகவே இருந்தார், 1965-இல் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை. அரை நூற்றாண்டில் எதையும் தூக்கிப் போடவில்லை, மகராசி! பில், ரசீது, கடிதம், சமையல் குறிப்பு, அத்தனையும் பத்திரம். பிறகு வாங்கிய நடிகை அன்னா டேவிட்சனும் கலைக்காமல் காப்பாற்றி, 1982-இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்திருக்கிறார். அந்தப் புண்ணியவதிக்கும் ஒரு கும்பிடு.

சமையலறையில் போய் நின்றேன், நகர மனம் வரவில்லை. கன்னங்கரேலென்று இரும்பு அடுப்பு. பக்கத்திலேயே கரித்தொட்டி, கரி மூட்டையை மாடிக்குச் சுமந்து வந்து கொட்டியவன் முதுகு என்ன பாடுபட்டிருக்கும்! சுவரைக் குடைந்தது போன்ற மாடத்துக்குள் ஒரு கட்டில். அடுப்புச் சூடு படுக்கை வரை வரும். குளிருக்கு இதைவிட என்ன வேண்டும்? முன்னறையிலும் ஒரு கட்டில், கதவுக்குப் பின்னால் அலமாரி போல ஒளிந்திருக்கிறது. விருந்தாளி வந்தால் கதவைச் சாத்திவிட்டால் கூடம், ராத்திரி திறந்தால் படுக்கையறை. இந்த மூளை நம் பில்டர்களுக்கு ஏன் வரவில்லை?

விளக்கு இன்றைக்கும் கேஸ் விளக்குதான். அம்மையார் 1960-இல்தான் மின்சாரம் போட்டாராம். அறக்கட்டளை திரும்பவும் கேஸுக்கே மாற்றிவிட்டது. மெல்லிய ‘உஸ்’ சத்தம், மஞ்சளான வெளிச்சம். அந்த வெளிச்சத்தில்தான் அம்மையார் வீட்டு 1929 ஜாம் பாட்டிலைப் பார்க்க வேண்டும். நம் பாட்டி ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டி வைத்த பரண்தான் எனக்கு நினைவு வந்தது.

நேற்று மனைவி பழைய கரண்ட் பில் கட்டைக் குப்பையில் போடப் போனாள். ஓடிப்போய்ப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.