பதினாறு சீட்டுகளும் ஒரு கைபேசியும்

2012இல் ஜப்பானில் செய்ஜி கனாய் என்ற வடிவமைப்பாளர் 16 சீட்டுகள் மட்டுமே கொண்ட ஓர் ஆட்டத்தைத் தானே அச்சிட்டு விற்றார். பெயர் 'லவ் லெட்டர்'. இளவரசியிடம் காதல் கடிதம் போய்ச் சேர வேண்டும், அவளுக்கு நெருக்கமான யாராவது அதைக் கொண்டுபோக வேண்டும் என்பது கதை. ஆடுபவர் கையில் எப்போதும் ஒரே ஒரு சீட்டு. முறை வந்ததும் கட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து, இரண்டில் ஒன்றை இறக்குவார். காவலரை இறக்கினால் எதிராளி கையில் இருப்பது இன்ன சீட்டு என்று ஊகித்துச் சொல்லலாம். ஊகம் பலித்தால் எதிராளி அந்தச் சுற்றிலிருந்து வெளியே. சீமாட்டிக்கு ஒரு தனி விதி. அரசனோ இளவரசனோ கையில் இருக்கும்போது சீமாட்டியும் வந்து சேர்ந்தால் அவளைத்தான் இறக்கியாக வேண்டும். ஆகவே சீமாட்டி இறங்கிய உடனே மற்றவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கையில் மிச்சமிருப்பது நிஜமாகவே அரசனா, அல்லது அப்படி நினைக்கட்டும் என்று வேண்டுமென்றே இறக்கினாரா? இந்த ஒரு சந்தேகத்தை உண்டாக்க எட்டுப் பாத்திரங்கள் போதும் என்று கனாய் காட்டினார்.

டோக்கியோவின் 'கேம் மார்க்கெட்' தனியாட்கள் தங்கள் ஆட்டங்களைத் தாங்களே அச்சடித்து, மேசை போட்டு விற்கும் சந்தை. சீட்டு குறைந்தால் அச்சுக்கூலி குறையும், பெட்டியும் கைப்பைக்குள் அடங்கும். சிக்கனம் அங்கே ஓர் அழகியலாகவே ஆகிவிட்டது. ஜுன் சசாகியின் ஓயிங்க் கேம்ஸ் நிறுவனம் உள்ளங்கையளவுப் பெட்டிகளைத் தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பட்டன் ஷை என்ற சிறு பதிப்பகம், 18 சீட்டுகளை மடித்து வைக்கும் பர்ஸில் அடக்கி விற்கிறது. அவர்களுடைய 'ஸ்ப்ராலோபோலிஸ்' (2018) ஆட்டத்தில் மூன்று சீட்டுகளின் முதுகுப்பக்கம் இலக்குகளைச் சொல்லும். மீதி 15 சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, ஒட்டி, ஒரு நகரத்தைக் கட்ட வேண்டும். எந்த மூன்று இலக்குகள் சேர்கின்றன என்பதைப் பொறுத்து ஒவ்வொரு முறையும் நகரம் வேறு மாதிரி சிக்கலாகும்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த நல்ல சின்ன ஆட்டங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரிகிறது. வடிவமைப்பாளர் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதில்லை. சீட்டாடுபவருக்குத் தொன்றுதொட்டு இருந்த உரிமைகளில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறார்.

பிரான்ஸைச் சேர்ந்த அந்த்வான் பௌசாவின் 'ஹனாபி' (2010) பிடுங்கிக்கொண்டது, தன் சீட்டைத் தானே பார்க்கும் உரிமையை. சீட்டுகளை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும்; என் கையில் என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஐந்து நிறங்களில் ஒன்று முதல் ஐந்து வரை அடுக்கி வாணவேடிக்கை நடத்த வேண்டும். ஒருவருக்கொருவர் சொல்லக்கூடியது நிறத்தையோ எண்ணையோ மட்டும். அதற்கும் எட்டு வில்லைகள்தான். ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருதை 2013இல் இது பெற்றது. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் 2019இல் இதையே ஒரு புதிய சவாலாக முன்வைத்தார்கள். சதுரங்கத்திலும் 'கோ' ஆட்டத்திலும் மனிதரை வென்றுவிட்ட இயந்திரத்துக்கு, 'இவர் ஏன் இப்போது இதைச் சொல்கிறார்' என்று யோசிக்கவேண்டிய ஆட்டம் வேறு வகையான கஷ்டம்.

ஆஸ்திரியரான வுல்ஃப்காங் வார்ஷின் 'தி மைண்ட்' (2018) பேச்சையும் முறையையும் சேர்த்தே எடுத்துவிட்டது. 1 முதல் 100 வரை எண்ணிட்ட சீட்டுகள். எல்லோரும் சேர்ந்து ஏறுவரிசையில் இறக்க வேண்டும். யாரும் பேசக்கூடாது, சைகை கூடாது, யார் முதலில் என்ற முறையும் கிடையாது. 7 வைத்திருப்பவர் உடனே போடுவார், 93 வைத்திருப்பவர் காத்திருப்பார். 48 வைத்திருப்பவரும் 51 வைத்திருப்பவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இது ஆட்டமே இல்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் புரிகிறது, ஆனால் அது ஆடாதவர் வாதம்.

'தி க்ரூ' (2019) நம்மவர்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. தாமஸ் சிங் வடிவமைத்த இந்த ஜெர்மானிய ஆட்டம், ஆளுக்கொரு சீட்டு இறக்கி, பெரியது இறக்கியவர் அள்ளிக்கொள்ளும் பழைய வகை. துருப்பும் உண்டு; அதற்கு ராக்கெட் படம். யாழ்ப்பாணத்தில் முன்னூற்றி நாலு ஆடியவர்களுக்கு விதியை விளக்க வேண்டியதே இல்லை. முன்னூற்றி நாலில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. அங்கே கூட்டாளிக்குச் சாடை காட்டினால் சண்டை வரும். இருந்தும், தொண்டையைச் செருமுவதும் சீட்டைத் தட்டிப் போடுவதும் ஒழிந்த மேசையை யாரும் கண்டதில்லை. சிங் செய்தது அந்தச் சாடையைச் சட்டபூர்வமாக்கியதுதான். அவர் ஆட்டத்தில் எதிரணியே கிடையாது. எல்லோரும் ஒரே பக்கம். இந்தப் பிடியை இவர்தான் எடுக்க வேண்டும், அந்தப் பச்சை ஐந்து அவரிடம்தான் போக வேண்டும் என்று 50 பணிகள். ஒவ்வொரு பணியிலும் ஆளுக்கு ஒரே ஒரு முறை, ஒரே ஒரு சீட்டைக் காட்டி, இது என்னிடமுள்ள இந்த நிறத்தில் பெரியது, சிறியது அல்லது இது ஒன்றுதான் என்று தெரிவிக்கலாம். சாடைக்கு ரேஷன் வைத்தது மாதிரி.

கெய் கஜினோவின் 'ஸ்கவுட்' (2019, இரண்டாண்டு கழித்து ஓயிங்க் பதிப்பு) பறித்துக்கொள்ளும் உரிமை நமக்கு இருப்பதே தெரியாத ஒன்று. சீட்டு கைக்கு வந்ததும் நாம் முதலில் செய்வது அடுக்குவது. ரம்மி ஆடுபவரின் விரல்கள் பேச்சைக் கவனித்துக்கொண்டே அதைச் செய்துவிடும். ஸ்கவுட்டில் அடுக்கக்கூடாது. வந்த வரிசை வந்தபடியே இருக்கும். ஒவ்வொரு சீட்டின் இரு முனைகளிலும் வெவ்வேறு எண். ஆட்டத்துக்கு முன்னால் மொத்தக் கையையும் ஒரே தடவை தலைகீழாகத் திருப்பிக்கொள்ள மட்டும் அனுமதி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சீட்டுகளைத்தான் சேர்த்து இறக்க முடியும். இறக்க முடியாவிட்டால் மேசையில் இருப்பதன் ஓரத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் எங்கு வேண்டுமானாலும் செருகலாம். நடுவிலுள்ள இரண்டு சீட்டுகளை இறக்கியதும் இருபக்கமும் பிரிந்திருந்த ஏழுகள் ஒட்டிக்கொள்ளும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடாக அண்மையில் வந்த வேறு சீட்டாட்டம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. கூட்டுநிதி முறையில் 87 லட்சம் டாலருக்குமேல் திரட்டிய 'எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ்' (2015) இதைவிடப் பல மடங்கு விற்றிருக்கிறது. அதன் படங்கள் வேடிக்கையானவை, ஆட்டம் சுமார்.

இனி கைபேசி. சீட்டுக்கும் மின்னணு ஆட்டத்துக்கும் உறவு பழையது. நின்டென்டோ 1889இல் கியோட்டோவில் தொடங்கியதே 'ஹனஃபுடா' என்ற பூச்சீட்டுகள் செய்யத்தான். 1990இல் விண்டோஸோடு வந்த சாலிடேர் எத்தனையோ அலுவலகங்களில் சுட்டியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது. ஆனால் இன்றைய கைபேசிச் சீட்டாட்டங்களின் நேரடி மூதாதை மேசையில்தான் இருக்கிறது. டொனால்ட் எக்ஸ். வக்கரினோவின் 'டொமினியன்' (2008), ஆட்டத்துக்குள்ளேயே நம் கட்டை நாமே கட்டிக்கொள்வது என்ற யோசனையைக் கொண்டுவந்தது. சியாட்டிலில் அந்தோனி ஜியோவானெட்டியும் கேஸி யானோவும் அதை ஒற்றையாள் சாகசமாக்கி 'ஸ்லே தி ஸ்பயர்' (2019) செய்தார்கள். பிறகு அது கைபேசிக்கும் வந்தது. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூன்று சீட்டுகள் நீட்டப்படும், ஒன்றை எடுக்கலாம். எதையும் எடுக்காமல் போவது பல நேரம் உத்தமம் என்று புரியவே நெடுநாள் ஆகும். கட்டு பெருத்தால் வேண்டிய சீட்டு வேண்டிய நேரத்தில் வராது.

2024 பிப்ரவரியில் வந்து செப்டம்பரில் கைபேசிக்குத் தாவிய 'பலாட்ரோ' இந்தப் பரம்பரையின் கடைக்குட்டி. லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் இயங்கும் கனடாக்காரர் ஒருவர் தனியாகச் செய்தது. ஓராண்டுக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றன. போக்கரின் ஜோடி, வரிசை, ஒரே இனம் எல்லாம் இங்கே புள்ளிகள் எடுப்பதற்கு. ஒரு ஜோடிக்கு 10 புள்ளி, பெருக்க 2. அதோடு 150 ஜோக்கர்களில் ஐந்தைப் பக்கத்தில் நிறுத்திவைக்கலாம். ஒன்று ஆட்டின் சீட்டுக்கெல்லாம் பெருக்கலைக் கூட்டும், ஒன்று பக்கத்து ஜோக்கரை நகலெடுக்கும், ஒன்று மற்றதைத் தின்றே வளரும். முதல் தடையைத் தாண்ட 300 புள்ளி போதும். எட்டாவது கட்டத்தின் இறுதித் தடை பெரும்பாலும் 1,00,000. அந்த இடைவெளியைக் கடக்க விதிகளையே வளைக்க வேண்டும். சில சமயம் 52 சீட்டுக் கட்டில் ராஜாக்கள் மட்டும் மிஞ்சும்.

மேசையில் இதை ஆட முடியாது. ஒவ்வொரு கைக்கும் இருபது முப்பது பெருக்கல்கள். தாளும் பென்சிலும் எடுத்தால் உற்சாகம் போய்விடும். கைபேசி அந்தக் கூலிவேலையை வாங்கிக்கொண்டு, எண்கள் ஏறுவதைத் தீப்பிடிக்கும் கட்டமாகக் காட்டுகிறது. 'தி மைண்ட்'டைக் கைபேசிக்குக் கொண்டுபோனால் நடப்பது இதன் எதிர்ப்புறம்: எதிரே இருப்பவரின் தயக்கம் திரையில் வராது, வெறும் தாமதம்தான் வரும். 'ஸ்லே தி ஸ்பயர்' பின்னாளில் பெட்டியாட்டமாகவும் வந்தது. அதற்காக எண்களையெல்லாம் சுருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தப் பெட்டியைத் தூக்க இரு கை வேண்டும்.

இரண்டு ஊடகத்துக்கும் உண்மையான வேறுபாடு காசில் இருக்கிறது. ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வெண்டும் 14 மாதம் உழைத்துச் செதுக்கிய 'த்ரீஸ்' 2014 பிப்ரவரியில் இரண்டு டாலர் விலையில் வந்தது. அடுத்த மாதமே அதன் சாயலில் பிறந்த '2048' இலவசமாக உலகத்தைச் சுற்றியது; அதை எழுதியவருக்கு ஒரு வாரயிறுதி போதுமானதாக இருந்தது. விலை வைத்த சின்ன ஆட்டம் கைபேசியில் பிழைப்பது கடினம் என்று பலர் அப்போது முடிவுகட்டினார்கள். அதன்பின் வந்தவற்றில் பல இலவசம் என்று சொல்லி வந்தன. 2022இன் 'மார்வல் ஸ்நாப்' வடிவமைப்பில் நேர்த்தியானது: 12 சீட்டுக் கட்டு, மூன்று இடங்கள், ஆறு சுற்று, சில நிமிடங்களில் முடிவு. பந்தயத்தை இடையில் இரட்டிப்பாக்கும் பேக்காமன் உத்தியை அது அழகாக எடுத்தாண்டிருக்கிறது. ஆனால் வேண்டிய சீட்டு கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் அல்லது பணம் கட்ட வேண்டும். 2025 ஜனவரியில் டிக்டாக் அமெரிக்காவில் முடங்கியபோது, வெளியீட்டு நிறுவனம் அதே குடும்பம் என்பதால் இதுவும் சேர்ந்து முடங்கியது. அலமாரியில் இருக்கும் 'லவ் லெட்டர்' பெட்டிக்கு அந்தக் கண்டம் இல்லை. 2024 அக்டோபரில் வந்த 'போகிமான் டிசிஜி பாக்கெட்', 60 சீட்டுக் கட்டை 20ஆகக் குறைத்திருக்கிறது. தினமும் இரண்டு பொட்டலம் இலவசமாகப் பிரிக்கலாம். பிரிப்பதுதான் அங்கே ஆட்டம். சீட்டாடுவது அதற்கு ஒரு சாக்கு என்றே எனக்குப் படுகிறது.

'பலாட்ரோ'வை ஒருமுறை விலை கொடுத்து வாங்கினால் போதும், உள்ளே காசுக்கு வேலையில்லை. இருந்தும் ஐரோப்பியத் தரச்சான்று அமைப்பு, போக்கர் வாடை அடிக்கிறது என்று அதற்கு 18 வயது முத்திரை குத்தியது. உள்ளே பணம் கொடுத்து அதிர்ஷ்டப் பொட்டலம் வாங்கத் தூண்டும் கால்பந்து ஆட்டத்துக்கு 3 வயது. மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025இல் 18ஐ 12ஆகக் குறைத்தார்கள். தன் படைப்பைச் சூதாட்ட நிறுவனங்களுக்கு எக்காலத்திலும் விற்கக்கூடாது என்று லோக்கல்தங்க் உயில் எழுதியிருக்கிறார்.

இந்தக் குழப்பம் நமக்குப் புதிதில்லை. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொல்லிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் செயலி நிறுவனங்கள் கடை விரித்தன. கடன், தற்கொலை என்று செய்திகள் வந்தபின் 2023இல் தமிழக அரசின் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து இணையத்தில் ஆடுவது எல்லாவற்றையும் தடை செய்தது. பிரச்சினை சீட்டில் இல்லை, பணயத்தில் இருக்கிறது என்று சட்டம் ஒருவழியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது. வீடுகள் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. பிள்ளை கையில் சீட்டுக்கட்டைப் பார்த்தால் முகம் சுளிக்கும் பெரியவர்கள், அதே பிள்ளை நாளெல்லாம் பொட்டலம் பிரிப்பதைக் கவனிப்பதில்லை.

பெட்டியும் வேண்டாம், செயலியும் வேண்டாம் என்பவர்களுக்கு 'ஸ்கவுண்ட்ரல்' இருக்கிறது. கைபேசி ஆட்டங்களுக்குப் பேர்போன ஸாக் கேஜ், கர்ட் பீகுடன் சேர்ந்து 2011இல் சாதாரணக் கட்டுக்காக எழுதிய ஒற்றையாள் ஆட்டம். ஜோக்கர்களையும் சிவப்புப் படச்சீட்டுகளையும் சிவப்பு ஆஸ்களையும் எடுத்துவிட்டால் 44 மிஞ்சும். இஸ்பேடும் கிளாவரும் அரக்கர்கள், டைமண்ட் ஆயுதம், ஆட்டின் மருந்து, உயிர் 20. நாலு சீட்டு விரித்து மூன்றைச் சமாளிக்க வேண்டும். பயமாக இருந்தால் அந்த அறையை விட்டு ஓடலாம், ஆனால் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட முடியாது. ஆயுதத்தால் ஒன்பதைக் கொன்றால், அதன்பின் அந்த ஆயுதம் ஒன்பதைவிடப் பெரிய அரக்கனுக்குப் பயன்படாது. ஆகவே கையில் நல்ல ஆயுதம் வந்ததும் எதிரே மூன்று என்ற எண்ணுள்ள அரக்கன் நின்றால், அதன்மேல் வீணாக்குவதா, வெறுங்கையால் அடித்து மூன்று உயிரை இழந்து ஆயுதத்தைக் காப்பாற்றுவதா என்று யோசிக்க வேண்டும். ஒரு சுற்றுக்குக் கால்மணி நேரம் போதும். பெரும்பாலும் செத்துப்போவோம்.