பலகையின் வயதும் முரசின் வயதும்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கினுடைய தொன்மையை எடுத்துரைக்கும் கட்டுரைகளிலும் மேடைகளிலும் 2,500 என்னும் எண் அடிக்கடி இடம்பெறுகிறது. 1944இல் கிள்ளானில் கிடைத்த வெண்கல முரசையும், 1964இல் பந்திங்கை அடுத்த கம்போங் சுங்கை லாங்கில் கிடைத்த இரு முரசுகளையும் சுட்டி, இவை 2,500 ஆண்டுப் பழமை உடையவை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவதும், அதையே இவ்வட்டாரத்தின் வயதாகக் கொள்வதும் வழக்கமாகிவிட்டன. பொதுமக்களுக்கு ஆய்வின் நுணுக்கங்கள் தேவையில்லை, நினைவில் நிற்க ஓர் எண் போதும், சில நூற்றாண்டுகள் முன்பின் ஆனாலும் பெருமை குறையப்போவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். பழைய தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் வயது சொல்லும்போதும் இதே சமாதானம் துணைக்கு வருகிறது. கேட்பதற்கு இது எளிமையாகத் தோன்றினாலும், கருவிகளை இனங்கண்டு காலம் கணிக்கும் கலையின் அடிப்படைப் பிழை இதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

அக்கலையின் சாதனைகளை மறுப்பதற்கில்லை. வியன்னாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹெகர் 1902இல் வெளியிட்ட நூலில், அன்று அறியப்பட்டிருந்த தென்கிழக்காசிய உலோக முரசுகளை உருவத்தையும் அணிவேலைப்பாட்டையும் கொண்டு நான்கு வகைகளாகப் பிரித்தார். நூற்றாண்டு கடந்தும் அந்தப் பகுப்பே இன்றுவரை ஆய்வாளர்களின் பொதுமொழியாக இருக்கிறது. புடைத்த மேற்பகுதி, உருளை போன்ற இடை, விரிந்த அடி ஆகிய மூன்றும் அமைந்து, முகத்தின் நடுவே விண்மீன் வடிவம் பொறிக்கப்பட்ட முரசு ஹெகர் முதல் வகையைச் சேர்ந்தது என்பதும், வட வியட்நாமின் தான் ஹோவா மாநிலத்தில் உள்ள டோங் சோன் ஊரின் பெயரால் அறியப்படும் பண்பாட்டோடு அது தொடர்புடையது என்பதும் இந்த முறையால்தான் தெளிவாயின. சுங்கை லாங் முரசுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு பொருளை இன்னது என்று இனங்காண்பதில் வகைப்பாடு தவறுவது அரிது. அது இன்ன காலத்தது என்று சொல்ல முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

சுங்கை லாங் முரசுகளுக்கு வழங்கும் எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் சிக்கலின் தன்மை விளங்கும். வெண்கலத்தில் உயிர்ப்பொருள் இல்லாததால் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பை, அதாவது உயிர்ப்பொருளில் எஞ்சியிருக்கும் கரிமம்-14 அளவைக் கொண்டு அந்த உயிர் எப்போது மடிந்தது எனக் கணிக்கும் முறையை, அதன்மீது நேரடியாகச் செலுத்த இயலாது. அகழ்ந்தபோது அம்முரசுகள் ஒரு மரப்பலகையின்மீது வைக்கப்பட்டிருந்தன. கணிக்கப்பட்டது அந்தப் பலகையின் காலமே. கிடைத்த விடை 2,400 கதிர்க்கரிம ஆண்டுகளை ஒட்டியது. அதுவே பிறகு முரசின் வயதாகப் பெயர் மாறிற்று.

பலகைக்கும் முரசுக்கும் இடையே உள்ள உறவு என்ன என்ற கேள்வி இங்கே எழுப்பப்படவே இல்லை. மரத்தின் உள்வளையங்கள் உருவானவுடனேயே காற்றோடு கரிமத்தைப் பரிமாறிக்கொள்வதை நிறுத்திவிடுகின்றன. ஆகவே நூற்றாண்டுகள் வாழக்கூடிய வெப்பமண்டலப் பெருமரத்தின் வைரத்திலிருந்து அறுத்த பலகை, மரம் வெட்டப்பட்ட நாளைவிட மிகப் பழைய காலத்தையே காட்டும். வெட்டிய மரம் வேறு பணிக்குப் பயன்பட்டுப் பல தலைமுறை கழித்து முரசின் அடியில் இடப்பட்டிருக்கவும் கூடும். ஆக, பலகையின் காலம் உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: அந்த மரம் வளர்வதற்கு முன் முரசுகள் அங்கே புதைக்கப்படவில்லை. முரசு வார்க்கப்பட்டதோ புதைப்பதற்கு முன்பு; எவ்வளவு முன்பு என்பதற்கு வரம்பில்லை. புதைத்தது மரம் வளர்ந்த பிறகு. எவ்வளவு பிறகு என்பதற்கும் வரம்பில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வார்ப்பு மரத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம், பல நூற்றாண்டுகள் பிந்தியதாகவும் இருக்கலாம். முரசின் பிறப்பைப் பற்றிப் பலகை எதையுமே சொல்லவில்லை என்பதுதான் தருக்கத்தின் முடிவு.

பலகையின் காலமும் ஒற்றை எண்ணாக நிற்பதில்லை. காற்றில் கரிமம்-14 அளவு காலந்தோறும் மாறி வந்திருப்பதால், ஆய்வகம் தரும் ஆண்டுகளை நாட்காட்டி ஆண்டுகளாக மாற்ற ஓர் அளவுத்திருத்த வளைவரை தேவைப்படுகிறது. கிமு 800க்கும் 400க்கும் இடையே அந்த வளைவரை ஏறக்குறையத் தட்டையாகக் கிடப்பதால், அந்த நானூறு ஆண்டுகளில் எப்போது வளர்ந்த மரமானாலும் ஏறத்தாழ ஒரே விடையைத் தந்துவிடும். 2,400 என்ற விடை விழுவது இந்தச் சமதளத்திலோ அதன் விளிம்பிலோதான். நான்கு நூற்றாண்டு அகலமுள்ள ஒரு சாத்தியத்தை, அதுவும் பலகைக்கு உரியதை, 2,500 என்று முழு எண்ணாக்கி முரசின் தலையில் ஏற்றுவதைக் கணிப்பு என்று எப்படி அழைப்பது?

வகைப்பாட்டைக் கொண்டு இந்த இடைவெளியை நிரப்பலாம் என்பார்கள். ஆனால் வகை என்பது ஒரு மரபு, மரபு நீடிக்கும். ஹெகர் முதல் வகையையே மூத்ததாகவும் ஏனையவற்றை அதிலிருந்து கிளைத்தவையாகவும் கருதினார். 1970களில் யுன்னானின் வான்ஜியாபாவில் அகழப்பட்ட எளிய முரசுகள் அதற்கும் முந்தியவை என்று சீன அறிஞர்கள் வாதிட, வியட்நாம் அறிஞர்கள் மறுக்க, காலவரிசை தேசப் பெருமையின் வழக்காக மாறிற்று. மூன்றாம் வகையைச் சேர்ந்த, கரேன் மக்கள் போற்றும் தவளை முரசுகள் பர்மாவில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை வார்க்கப்பட்டு வந்தன. இந்தோனேசியாவின் ஆலோர் தீவில் மணப்பொருளாக வழங்கும் மோக்கோ முரசுகள் மண்ணிலிருந்து தோன்றிய தொல்பொருள்கள் என்று போற்றப்பட்டாலும், அவற்றுள் பல 19ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் கிரெசிக்கில் விற்பனைக்கென்றே செய்யப்பட்டவை. வடிவத்தைப் பார்த்து ஒரு மரபின் தொடக்கத்தை ஊகிக்கலாமே தவிர, கையிலிருக்கும் கருவி அம்மரபின் எந்தக் கட்டத்தில் பிறந்தது என்பதை அந்த வடிவம் மட்டும் சொல்லாது.

தோற்கருவிகளில் இந்தப் பிழை இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. மிருதங்கத்தின் மர உடலாகிய கட்டை பலாவில் குடையப்படுவது; பண்ருட்டிப் பகுதியிலிருந்து வந்த கட்டைகளுக்குத் தனி மதிப்பு உண்டு. வலந்தலை, தொப்பி என்னும் இரு பக்கங்களையும் மூடும் தோல் மூட்டுகளோ, வலந்தலையின் நடுவே இடப்படும் கரணை என்னும் கருஞ்சாந்தோ, மூட்டுகளை இழுத்துப் பிடிக்கும் தோல் வார்களோ கட்டையோடு பிறந்தவை அல்ல. தொடர்ந்து வாசிக்கப்படும் கருவியில் அவை மீண்டும் மீண்டும் மாற்றப்படுகின்றன. தவிலிலோ மாற்றம் இன்னும் பெரிது: தோல் வார்களால் கட்டப்பட்டிருந்த கருவி பிற்காலத்தில் இரும்பு வளையமும் போல்ட்டும் கொண்டு முடுக்கப்படலாயிற்று, பழைய கட்டைகளே புதிய இரும்புக்குள் புகுந்தன. நாகப்பட்டினத்திலிருந்து ராஜுலா கப்பலில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறையில் வந்திறங்கிய தவில் என்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸைச் சேர்ந்த குடும்பம் ஒன்று நினைவுகூருமானால், அந்த நினைவு கட்டையைப் பொறுத்தவரை முழு உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் இன்று ஒலிப்பது அந்தத் தவில் அன்று.

அறிவியலின் துணையை நாடினால் விடை இன்னும் முரணாக வந்து நிற்கிறது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் காலம் கணிக்கும் முறை குளிர்நாட்டு மரங்களுக்கே நன்கு பொருந்தும். பலாவில் ஆண்டுக்கொரு வளையம் தெளிவாகப் பதிவதில்லை. கதிர்க்கரிம முறையோ ஏறத்தாழ 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட பொருள்களில் தடுமாறுகிறது. அக்காலத்தில் வளைவரை ஏறி இறங்குவதால் ஒரே மாதிரிக்குப் பல காலங்கள் பொருந்திவருகின்றன. ஆனால் 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றின் கரிமம்-14 அளவை ஏறக்குறைய இருமடங்காக்கியதால், அதற்குப் பின் மடிந்த விலங்கின் தோலைச் சில ஆண்டு வேறுபாட்டுக்குள் கணித்துவிடலாம். அதாவது, கருவியில் மிகப் புதிய உறுப்பின் காலமே துல்லியமாகக் கிடைக்கிறது. பழமைக்குச் சான்றாகக் காட்டப்படும் கட்டையின் காலம் நழுவிப்போகிறது. துல்லியமான விடை எந்த உறுப்புக்கு உரியது என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்தத் துல்லியமே தவறான முடிவுக்கு வழிகாட்டிவிடும்.

தொழிற்சாலையில் செய்யப்பட்ட கருவிகளுக்கு எண்ணும் முத்திரையும் இருப்பதால் இந்த இடர் அங்கு இல்லை என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 1960களின் டிரம் செட்டுகளைச் சேர்ப்போர் பெரிதும் மதிக்கும் அமெரிக்க லட்விக் நிறுவனம் 1963இன் இறுதியில்தான் வரிசை எண் பொறித்த உலோகப் பட்டயங்களைப் பொருத்தத் தொடங்கியது. அப்பட்டயங்கள் எண் வரிசைப்படி எடுத்துப் பொருத்தப்படாததால், குறைந்த எண்ணுள்ள டிரம் அதிக எண்ணுள்ளதைவிடப் பிந்தியதாக இருப்பதும் உண்டு. உடலின் உட்புறத்தில் மையால் இடப்பட்ட தேதி முத்திரை இருந்தால், பட்டயத்தைவிட அதுவே நம்பத்தக்க சான்று. இங்கும் எண் பட்டயத்துக்கு உரியது. டிரம்முக்கு உரியது என்பது வாங்குவோரின் அனுமானம்.

வெண்கலமோ பலாவோ எஃகோ, எதுவாயினும் குறை ஒன்றே: ஓர் உறுப்பின் அல்லது அண்டையிலிருந்த பொருளின் காலத்தை முழுக் கருவியின் காலமாக உயர்த்துவது. ஓர் எண் போதும் என்னும் சமாதானம் இக்குறையைப் பொறுத்துக்கொள்வதோடு நில்லாமல், அதையே முறையாக்கிவிடுகிறது. பொதுமக்களின் பெயரால் பேசும் இவ்வாதம் பொதுமக்களையே குறைத்து மதிப்பிடுகிறது. கோயில் குடமுழுக்கு நடந்த ஆண்டும் கோயில் எழுந்த ஆண்டும் வேறு வேறு என்பதை எந்தப் பக்தரும் அறிவார், முரசுக்கும் அப்படியே என்று சொன்னால் விளங்காமல் போகாது. எண்ணைப் பெருக்குவதில் ஆர்வம் காட்டுவோர் வரலாற்றுக்குத் தொண்டு செய்வதாக எண்ணிக்கொண்டாலும், அவர்கள் செய்வது விளம்பரமே. எதிர்வாதத்துக்கு அஞ்சாத சான்றுகள் மட்டுமே மலேசியத் தமிழர் போன்ற சிறுபான்மைச் சமூகம் ஒன்றின் வரலாற்றைக் காக்கும். அடுத்த ஆய்விலேயே உடைந்துபோகும் எண்ணை நம்பி எழுப்பிய பெருமை, உடையும்போது உண்மையான சான்றுகளையும் சேர்த்தே ஐயத்துக்கு ஆளாக்கிவிடும்.

மாற்று வழி கடினமானதும் அன்று. ஒரு கருவிக்கு ஒரு வயது என்பதை விடுத்து, உறுப்புக்கொரு வரி எழுதலாம்: கட்டை, தோல், வார் அல்லது இரும்பு, பழுதுபார்த்த தடயம், கிடைத்த இடம், கணிக்கப்பட்ட பொருள் இன்னது, கணித்த முறை இன்னது. மிகப் பிந்திய உறுப்பின் காலம், கருவியின் இன்றைய அமைப்பு அதற்கு முந்தியதன்று என்னும் உறுதியான எல்லையைத் தரும். அந்த எல்லையை மீறாமல் எழுதினாலே பாதிப் பிழை நீங்கும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கோயில்களிலும் இசைப் பள்ளிகளிலும் பழைய கருவிகளைப் பேணி வருவோர், தோல் மாற்றும் நாளிலேயே அதைக் கட்டையின் உட்புறத்தில் குறித்துவைத்தால், பின்னால் வருவோருக்கு எந்த ஆய்வகமும் தர இயலாத சான்று அதுவாகும்.

சுங்கை லாங் முரசுகளைப் பற்றி உறுதியாகச் சொல்லத்தக்கவை மூன்று: அவை ஹெகர் முதல் வகையின, 1964இல் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டவை, அவற்றின் அடியிலிருந்த பலகையின் மரம் பெரும்பாலும் கிமு 800க்கும் 400க்கும் இடைப்பட்டது. அவை எந்த நூற்றாண்டில் வார்க்கப்பட்டன என்பது இம்மூன்றில் எதிலும் அடங்கவில்லை.