தங்காத சுற்றுலா

ஐந்தாம் வகுப்போடு தொடக்கப் பள்ளி முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் பிரிந்து வேறு பள்ளிகளுக்குப் போவதற்குள் ஒருமுறை சென்னையைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை, எங்கள் சீர்காழிப் பக்கத்துச் சிற்றூர் ஆசிரியர்கள் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அந்த ஆசையில் குறையில்லை. அதை நிறைவேற்றும் விதத்தைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

இரவு பத்து மணிக்கு வேன் புறப்படும். விடிகாலையில் எங்கேயோ ஒரு மண்டபத்தில் பல் விளக்கி, முகம் கழுவி, வண்டலூர் உயிரியல் பூங்கா. பிறகு எழும்பூர் அருங்காட்சியகம், பிர்லா கோளரங்கம், மெரினா. அன்றிரவே மறுபடி வேன். பெற்றோரிடம் இதை ‘இரண்டு நாள் சுற்றுலா’ என்கிறோம். இரண்டு இரவும் சாலையில்தான் கழிகின்றன. காரணம் ஒன்றே: தங்கும் செலவு மிச்சம்.

இதிலும் நன்மை இல்லாமல் இல்லை. 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் நான் கண்டது மறக்காது. அர்த்தநாரீசுவரர் சிலைக்கு முன் ஒரு சிறுமி நின்றுவிட்டாள். பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தவள் கத்தினாள்: “சார், திருவெண்காடு! எங்க அத்தை ஊரு சார்!” முன்னால் போன பிள்ளைகளெல்லாம் திரும்பி ஓடிவந்தார்கள். அவள் அடுத்துக் கேட்டாள்: “நம்ம ஊர்ல இருந்தத ஏன் சார் இங்க கொண்டாந்தாங்க?”

ஓராண்டுப் பாடம் நடத்தினாலும் கிடைக்காத கேள்வி அது. யார் வார்த்த சிலை, யாருக்குச் சொந்தம், எங்கே இருந்தால் பாதுகாப்பு என்று எத்தனையோ பேசியிருக்கலாம். கோளரங்கக் காட்சிக்கு நேரமாகிவிட்டது என்று நான் அவளை வரிசைக்கு இழுத்தேன். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டது. இந்த வழக்கத்தின் முதல் குறை அதுதான். வண்டலூர் பூங்கா மட்டுமே சுமார் 600 ஹெக்டேர். தூக்கம் கெட்ட பத்து வயதுப் பிள்ளை அதை நடந்து சுற்றிவிட்டு, பிற்பகலில் கோளரங்கத்தின் இருட்டில் உட்கார்ந்தால் தூங்கத்தான் செய்யும்.

இரண்டாவது குறை உயிரோடு விளையாடுவது. 2022 அக்டோபரில் கேரளத்தின் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்கு மாணவர்களை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து இரவு நேரத்தில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதி 9 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் தங்கும் செலவை மிச்சம் பிடிக்க இரவுப் பயணத்தை நாம் விடவில்லை.

மூன்றாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. பணம் கட்ட முடியாத நான்கைந்து பிள்ளைகள் ஊரிலேயே நின்றுவிடுகிறார்கள். மறுநாள் அவர்கள் வெறிச்சோடிய வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கடுத்த நாள் மற்றவர்கள் வாங்கி வந்த பொம்மையைத் தொட்டுப் பார்ப்பார்கள். அரசுப் பள்ளியின் வாசலுக்குள் வறுமை பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது. நாமே அதற்கு ஒரு நாள் குறித்துக் கொடுக்கிறோம்.

ஒரே ஒரு ஆண்டு நாங்கள் சென்னையில் ஓர் இரவு தங்கினோம். தெரிந்தவர் ஒருவர் கொடுத்த கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். மேலத்தெருப் பிள்ளைகளும் கீழத்தெருப் பிள்ளைகளும் பள்ளியில் ஒரே வரிசையில் உட்காருபவர்கள்தான். மாலை மணி அடித்ததும் சாதி அவர்களை இரண்டு திசையில் கூட்டிக்கொண்டு போய்விடும். அன்று பிரிந்து போக வேறு திசை இல்லை. அம்மாவை நினைத்து அழுத ஒருவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் தன் போர்வையில் பாதியைக் கொடுத்தான். எந்தத் தெரு என்று இருவருக்கும் அப்போது நினைவில்லை. காலையில் அவனவன் பாயை அவனவன் சுருட்டி வைத்தான். நகரத்தில் எதைப் பார்த்தார்கள் என்பதைவிட, வீடில்லாத ஓர் இடத்தில் எப்படிச் சேர்ந்து இருந்தார்கள் என்பதே பெரிய பாடம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

பத்து வயதில் வெளியே தங்க வைப்பது சரியா என்று பெற்றோர் கேட்பது நியாயம். பெண் பிள்ளைகளுக்கு ஆசிரியை கட்டாயம் வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் அதற்கே ஆள் பற்றாது. துணைக்கு இரண்டு தாய்மாரை அழைத்துப் போகலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தானே அதிகம்? செலவுக்கும் வழி இருக்கிறது. மயிலாடுதுறை வழியே பகலில் சென்னைக்கு ஓடும் சோழன் எக்ஸ்பிரஸில் போகலாம். 5 வயது முடிந்து 12 வயது நிறையாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் பாதிக் கட்டணம். கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிப் பள்ளிக் கூடங்களை ஓரிரவுக்குத் திறந்துவிட அரசு மனம் வைத்தால் போதும். நான்கு இடங்களை இரண்டாகக் குறைக்கலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் பணம் சேர்ந்தால் மட்டுமே புறப்படுவது என்று முடிவெடுக்கலாம். சேராவிட்டால் யாரும் போக வேண்டாம்.

இன்னொன்றும் செய்யலாம். ஊர் திரும்பிய அடுத்த வாரம் டவுன் பஸ் பிடித்துப் பிள்ளைகளைத் திருவெண்காட்டுக்கு அழைத்துப் போகலாம். அந்தச் சிறுமியின் கேள்விக்கு, அவள் அத்தை ஊர்க் கோயில் வாசலில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் பதில் தேடலாம்.