விட்டலாச்சாரியாவின் பேயும் பரணிப் பேயும்

சிறு பொருட்செலவில் மாயப் படங்கள் பல எடுத்த பி. விட்டலாச்சாரியாவைத் (1920–1999) திறனாய்வாளர் பொருட்படுத்துவதில்லை. அட்டைக் கோட்டையும் ஆடும் எலும்புக்கூடும் கலையாகா என்பர். செலவின் சிறுமை கலையின் சிறுமையாகுமோ என்பது ஆராய்தற்குரியது.

1978இல் தெலுங்கில் வெளிவந்து, பின் தமிழ் பேசிய 'ஜகன்மோகினி'யில், மனைவியாய் வீடு புகுந்த பேய் விறகுக்கு மாறாகத் தன் காலையே அடுப்பில் நீட்டிச் சமைக்கின்றது. இதற்கு வேண்டுவன ஓர் அடுப்பும் ஒரு நடிகையுமே. செங்கற்பட்டை அடுத்த படாளம் போன்ற ஊர்களில் நாளும் விறகடுப்பின்முன் அமர்ந்த மகளிர்க்கு இஃது எத்துணை அண்மையான அச்சம்! அச்சத்தின் நிலைக்களன் நான்கனுள் தொல்காப்பியர் அணங்கையே முதற்கண் வைத்தார். அவ்வணங்கு ஈண்டு அடுக்களைக்கே வந்துவிட்டது.

உத்தியும் புதிதன்று. புறநானூற்று 26ஆம் பாட்டில் மாங்குடி கிழார் பகைவர் தலையை அடுப்பாகவும் தோளைத் துடுப்பாகவும் ஆக்கினார். சயங்கொண்டாரின் பேய்கள் களத்தில் கூழ் அட்டன. வீட்டு வினையைக் கொடுமையொடு பிணைத்து அச்சமும் நகையும் ஒருங்கு விளைத்தலே மூவிடத்தும் காண்பது. மாங்குடி கிழாரிடம் நகை இல்லையே எனின், அது மெய்; பரணியே படத்திற்கு நெருங்கிய உறவு.

இனி, ஜெயமாலினியின் ஆடல்களைக் குறை கூறுவார்க்குக் கடைதிறப்பைக் காட்டி விடையிறுப்பாரும் உளர். அவ்விடை பொருந்தாது. கடைதிறப்பு மகளிர், குலோத்துங்கனின் வெற்றி கேட்கக் கதவு திறக்குமாறு அழைக்கப்படுகின்றனர்; அங்கே காமம் நூலுக்கு வாயில். இங்கே ஆடல் தொடங்கியதும் கதை நின்றுவிடுகின்றது. கொட்டகையை நிரப்பவே அது சேர்ந்தது. அதனை யான் ஏற்கேன்.